இருபத்தொரு தேன்குழல், முப்பத்தேழு சீட்டு

சோம்பேறிகள் பொதுவாக வேலையைத் தள்ளிப்போடுவார்கள். கம்ப்யூட்டர் படித்த சோம்பேறிகள் வேறு ஜாதி. பத்து நிமிட வேலையிலிருந்து தப்பிப்பதற்காகப் பத்து நாள் மாடாக உழைப்பார்கள். நான் அந்த இரண்டாவது வகை என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ஒரு பலகார வீட்டில் 'கம்ப்யூட்டர் பிள்ளை'யாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (எனக்கு ஸ்டெல்லா என்று அழகாகப் பெயர் வைத்து ஞானஸ்நானமும் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அது யாருக்கும் நினைவில் நின்றதில்லை.) வீட்டுக்காரர் உமையாள் ஆச்சி. நாற்பத்தைந்து வயது, கண்ணாடி, கணீர்க் குரல். கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் சீருக்கும் பலகாரம் செய்து கொடுக்கிற தொழிலை ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நடந்த கூத்தில் பாதிப் பழி அந்த வீட்டையே சேரும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் என் கம்ப்யூட்டர். அங்கிருந்து நடுமுற்றமான வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, மூன்றாங்கட்டையும் தாண்டினால்தான் அடுப்படி. முகப்பில் நான் செத்து விழுந்தால் அடுப்படிக்குச் செய்தி போக அரை மணி நேரமாகும். நான் வருவதற்கு முன்பு ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு சீட்டில் எழுதி, யாராவது அவ்வளவு தூரம் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள்.

நான் வந்து அதை நவீனமாக்கினேன். அடுப்படிக்குப் பக்கத்து அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும், கறகறவென்று சத்தம் போடுகிற ஒரு பிரிண்டரையும் வைத்து, முகப்பிலிருந்து அங்கே வரைக்கும் கேபிள் இழுத்தேன். முகப்புக் கம்ப்யூட்டரில் இணையப் பக்கம் மாதிரி ஒரு பக்கம் செய்தேன். பெயர், பலகாரம், எண்ணிக்கை, எத்தனை மணிக்கு வேண்டும் என்று நான்கு கட்டங்கள். நிரப்பிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் அடுப்படியில் சீட்டு அச்சாகி விழும். (தமிழ் எழுத்து ஒழுங்காக விழுவதற்கே இரண்டு மாதம் ஆனது. முதல் வாரம் 'சீடை' என்று அடித்தால் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி வரும்.) ஊரில் அப்போது இணையமே ஒழுங்காகக் கிடையாது. ஆனாலும் நான் அடுப்படிப் பெண்களைக் கூட்டிவைத்துப் பீற்றிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க. யாரும் இங்க வரவே வேணாம். அவுகவுக வீட்ல உக்காந்துக்கிட்டே ஆர்டர் அடிப்பாக. சீட்டு இங்க வந்து விழும்."

"சிங்கப்பூர்லேருந்தா?" என்று கேட்டார் பஞ்சவர்ணம் அக்கா. அடுப்படிக்கு அவர்தான் தலைமை.

"எங்கிருந்து வேணாலும்."

அந்தப் பீற்றலுக்காக நான் பின்னால் எவ்வளவு வருந்தினேன் என்பதை அந்த அந்தோணியார்தான் அறிவார்.

ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "இந்த வீட்டுப் பலகாரம் ரெட்டைப்படையில வெளிய போகாது. யார் ரெட்டைப்படையா கேட்டாலும் ஒண்ணு கூட வச்சுத்தான் கொடுப்போம். ஒன் மிசினுக்கும் அதச் சொல்லி வையி." சொல்லி வைத்தேன். இருபது என்று அடித்தால் பக்கம் தானாகவே இருபத்தொன்று ஆக்கிவிடும். ஐம்பது ஐம்பத்தொன்று ஆகிவிடும். வேதக்காரப் பெண்ணாகிய நான் செட்டியார் வீட்டு வழக்கத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைத்துவிட்டேன் என்று எனக்குள் அப்படி ஒரு பெருமை.

எங்கள் அப்பாவுக்கு அந்தப் பெருமை இல்லை. ஆரோக்கியசாமி வாத்தியார் என்றால் நாச்சியாபுரம் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கணக்கு வாத்தியார். எங்கள் குடும்பத்தில் தாத்தா வாத்தியார், அப்பா வாத்தியார், இரண்டு அத்தைகளும் டீச்சர்கள். நான் பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பது நான் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். அழுது, அடம்பிடித்து, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து ஒரு வருடம் அவகாசம் வாங்கியிருந்தேன். (மூன்று நாளும் அம்மா எனக்குத் தெரியாமல் வைத்த மாதிரி வைத்த இட்லியை நான் அவருக்குத் தெரியாமல் தின்ற மாதிரி தின்றேன்.)

அந்த ஒரு வருடம் முடியப்போகிற நேரம் அப்பா சொன்னார்: "பி.எட். படிவம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் அங்க வாறேன். நீ செய்யிறது ஒரு வேலைதானான்னு என் கண்ணால பாக்கணும். வேலைதான்னு பட்டுச்சுன்னா படிவத்தை உள்ள வச்சிர்றேன். இல்லேன்னா வெள்ளிக்கிழமை காலைல கையெழுத்துப் போடு."

வெறும் நான்கு கட்டத்தையும் ஒரு பொத்தானையும் காட்டினால் அப்பா அசர மாட்டார். 'இதுக்கு ஒரு தபால் கார்டு போதாதா?' என்பார். அவர் வாயைப் பிளக்கிற மாதிரி ஏதாவது காட்டியாக வேண்டும்.

அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் அந்தச் சனியனைப் பார்த்தேன். டெஸ்ட் ரன்னர். உலாவியோடு ஒட்டிக்கொள்கிற ஒரு ப்ளக்இன். நாம் ஒருமுறை படிவத்தை நிரப்பிப் பொத்தானை அமுக்கிக் காட்டினால் போதும், அது பார்த்து வைத்துக்கொள்ளும். பிறகு அதுவே எழுத்து எழுத்தாக அடித்து, அதுவே பொத்தானை அமுக்கி, வந்த விடை சரியா என்று அதுவே பார்த்து, சரியென்றால் பச்சை டிக், தப்பென்றால் சிவப்புப் பெருக்கல் குறி போடும். பேய் வந்து வேலை செய்கிற மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன காட்டிவிட முடியும்? தானே பரீட்சை வைத்துத் தானே திருத்துகிற இயந்திரம்!

அதை நிறுவத் தொடங்கியது திங்கட்கிழமை. போட்டதும் 'இன்னொரு கோப்பு வேண்டும்' என்றது. அந்தக் கோப்பைப் போட்டால் 'இதைவிடப் புதிய உலாவி வேண்டும்' என்றது. புது உலாவியைப் போட்டால் தமிழ் எழுத்து மறுபடியும் பூச்சியாக ஊர்ந்தது. செவ்வாய் முழுக்கக் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். நான் ஒத்திகைக்கென்று தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தேன். பார்க்க அசல் மாதிரியே இருக்கும், ஆனால் அடுப்படிக்குச் சீட்டுப் போகாது. புத்தியுள்ளவர்கள் சோதனையெல்லாம் அதில்தான் செய்வார்கள். அந்த ஒத்திகைப் பக்கத்தோடு டெஸ்ட் ரன்னர் ஒட்டவே மாட்டேன் என்றது. புதன்கிழமை பூராவும் கெஞ்சினேன், திட்டினேன், ஜெபம் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அப்பா வர ஐந்து மணி நேரம்தான் இருந்தது. ஆச்சி அதிகாலையிலேயே காரில் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார். ஒத்திகைப் பக்கத்தை விட்டுவிட்டு அசல் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். சமர்த்தாக ஒட்டிக்கொண்டது.

'ஒரே ஒரு தடவைதானே, ஒரு சீட்டுதானே போகப்போகுது, அக்காட்ட பிறகு சொல்லிக்கலாம்' என்று நினைத்தேன். அந்த 'பிறகு' வரவே இல்லை.

டெஸ்ட் ரன்னருக்குப் படிவத்தை நிரப்பிக் காட்டினேன். பெயர்? மனதில் அப்போது வேறு யாருமே இல்லை. 'ஆரோக்கியசாமி, ஆசிரியர்' என்று அடித்தேன். பலகாரம்: தேன்குழல். எண்ணிக்கை: 20. எத்தனை மணிக்கு வேண்டும்? மண்டைக்குள் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது ஒரே மணி. 'இன்று மாலை 4'. அடுத்து, எதிர்பார்க்கும் விடை என்ன என்று கேட்டது. இருபது அடித்தால் இருபதுதானே வரவேண்டும்? 20 என்று போட்டேன்.

(ஆமாம். ஒன்றைக் கூட்டு என்று அந்தப் பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். பெருமைப்பட்டவளும் நான்தான். தெரிகிறது, சிரிக்காதீர்கள்.)

கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. தப்பாகிப்போனால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும்? எதுவும் வேண்டாம் என்று காலியாக விட்டேன். காலியாக விட்டால் 'வெற்றி கிடைக்கும் வரை' என்று அர்த்தமாம். அதை எழுதியவர்கள் அவ்வளவு விடாமுயற்சிக்காரர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் நான்கு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும் எழுதியிருந்தது.

ஓட விட்டேன். அது பாட்டுக்கு அப்பா பெயரை எழுத்து எழுத்தாக அடிக்க ஆரம்பித்தது. எனக்குப் புல்லரித்தது. முடியும் வரை இருந்து பார்த்திருக்கலாம். ஆனால் தானே ஓடுகிற ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எதற்கு என்று, காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன். அப்பா முன்னால் மெட்ராஸ் கம்பெனிப் பெண் மாதிரி நிற்க வேண்டுமென்று ஒரு சுடிதார் தைக்கக் கொடுத்திருந்தேன். தையல்காரர் "பத்தே நிமிசம், பட்டன் மட்டுந்தேன்" என்றார். பட்டன் வைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

இனி நான் இல்லாத நேரத்தில் அடுப்படியில் நடந்தது. பஞ்சவர்ணம் அக்கா இதை அதன் பிறகு ஐம்பது முறையாவது சொல்லியிருப்பார், அதனால் அவர் வாய்வழியாகவே எனக்கு மனப்பாடம்.

முதல் சீட்டு விழுந்தது. வாத்தியார் ஐயாவுக்கு இருபத்தொரு தேன்குழல். வழக்கப்படி சீட்டின் மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அடுப்பை மூட்டினார்கள். அப்படி வைத்துவிட்டால் அந்த ஆர்டரை நிறுத்தக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். நான்கு நிமிடத்தில் இரண்டாவது சீட்டு. அதே பெயர், அதே எண்ணிக்கை. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது விழுந்ததும் பஞ்சவர்ணம் அக்கா எழுந்து, மூன்று கட்டையும் தாண்டி முகப்புக்கு என்னைத் தேடி வந்தார். நாற்காலியில் ஆள் இல்லை. ஆனால் திரையில் எழுத்துகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. ஆ... ரோ... க்கி... ய...

வேறு யாராவது என்றால் பயந்து ஓடியிருப்பார்கள். அக்காவுக்குத்தான் நான் ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தேனே! நேராக அடுப்படிக்குத் திரும்பி அறிவித்தார்:

"அடியே, வாத்தியாரு வீட்ல உக்காந்துக்கிட்டே அடிக்கிறாக! சொந்தக்காரவுக ஒவ்வொருத்தரா ஞாபகம் வர வர ஒவ்வொரு சீட்டா அனுப்புறாக!"

"இம்புட்டுத் தேன்குழல் எதுக்காம்?" என்று ஒரு குரல் கேட்டது.

"வேற எதுக்கு? நம்ம கம்ப்யூட்டர் பிள்ளைக்குக் கல்யாணந்தேன்!"

சந்தேகத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை. ஏனென்றால் நான் தையல்காரரிடம் போவதாக ஒருத்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். கல்யாணப் பெண்தானே தையல்காரரிடம் ஓடுவாள்? ஏழு பெண்களும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார்கள். இரண்டு அடுப்பு நான்கு அடுப்பானது. 'நம்ம பிள்ளை கல்யாணம்' என்று மாவில் வெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே போட்டார்களாம். சீட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒன்றரை மணிவாக்கில் பிரிண்டரில் காகிதம் தீர்ந்து நின்றபோது மொத்தம் முப்பத்தேழு சீட்டுகள்.

இரண்டு மணிக்குப் புதுச் சுடிதாரில் நான் வந்து இறங்கினேன். வளவில் எதிரே வந்த பஞ்சவர்ணம் அக்கா என்னைப் பார்த்ததும் நின்றார். இரண்டு கைகளாலும் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினார். கண்ணில் தண்ணீர் வேறு.

"நல்லாயிரு தாயி. எங்ககிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே, கள்ளி!"

சுடிதார் அவ்வளவு எடுப்பாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். "சும்மாதாங்க்கா, அப்பாவுக்காகத்தான்" என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் எல்லாவற்றையும் உறுதிப்படுத்திவிட்டது.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தால் என் உயிர் போய்விட்டது. மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பெருக்கல் குறிகள். ஒரு பச்சை கிடையாது. முப்பத்தெட்டாவது முயற்சி நடுவில் தொங்கிக்கொண்டு நின்றது. ஏன் தப்பு என்று அறிய விவரத்தை அமுக்கினால், 'விவரங்களைக் காண முழுப் பதிப்பை வாங்கவும்' என்றது. இலவச சி.டி.யில் வந்தது, தப்பு என்று மட்டும் சொல்லும், எங்கே தப்பு என்று சொல்லாது. (எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சரும் இப்படித்தான்.)

அடுத்த இரண்டு மணி நேரம் என் புரோகிராமை வரி வரியாகக் குடைந்தேன். ஒரு தப்பும் கண்ணில் படவில்லை. பின்னாலிருந்து தேன்குழல் வாசம் ஆளைத் தூக்கியது. 'யார் வீட்டுக் கல்யாணமோ' என்று எச்சில் விழுங்கிக்கொண்டே குடைந்தேன். அந்த முப்பத்தேழு சிவப்புக் குறிக்கும் பின்கட்டில் முப்பத்தேழு சீட்டு இருக்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

சரியாக நான்கு மணிக்கு அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பை, பையில் பி.எட். படிவம். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார்.

"ஒரே சிவப்பா இருக்கே?"

"அது... கம்ப்யூட்டர்ல சிவப்புன்னா பாஸுப்பா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "முப்பது வருசமா சிவப்பு மையில திருத்துறவன்கிட்ட வந்து சொல்ற" என்றார். அவ்வளவுதான். கை பைக்குள் போய்ப் படிவத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தது. ஒரு வருட உழைப்பு, என் கம்ப்யூட்டர், என் கேபிள், எல்லாம் போச்சு. நாளைக்குக் கையெழுத்து. இனி வாழ்நாள் பூராவும் ஆறாம் வகுப்பு பி பிரிவு.

அந்த நேரம் பார்த்து வளவிலிருந்து ஒரு ஊர்வலம் வந்தது. முன்னால் பஞ்சவர்ணம் அக்கா தாம்பாளத்தோடு. பின்னால் ஆறு பெண்கள், ஆளுக்கு ஒரு தகர டின்னோடு. எல்லார் முகத்திலும் மாவு, எல்லார் வாயிலும் சிரிப்பு. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தமும் கேட்டது. ஆச்சியும் வந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க! சொன்னபடி நாலு மணிக்கு எல்லாம் தயாரா இருக்கு" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. "எழுநூத்தி எழுபத்தேழு தேன்குழல். ஒண்ணு உடையல. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்படி முகம் செத்துப்போய்ப் பார்த்ததில்லை. என் புதுச் சுடிதாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஸ்டெல்லா."

"அப்பா..."

"யாரு அது?"

"அப்பா, அப்படியெல்லாம்..."

"யாருன்னு கேட்டேன். எத்தனை நாளா?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "யாரும் இல்லப்பா! தேன்குழல்தான்!"

இப்படி ஒரு வாக்குமூலத்தை எந்தத் தகப்பனும் கேட்டிருக்க மாட்டார். ஏழு பெண்களும் டின்னோடு அப்படியே நின்றார்கள். வாசற்படியில் ஆச்சி ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார்.

அழுகைக்கு நடுவில் டெஸ்ட் ரன்னர், அசல் பக்கம், காலிக் கட்டம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆச்சியைத் தவிர. அவருக்கு வேண்டிய அளவு விளங்கியது.

"ஏன் பிள்ளே, வெள்ளாட ஒனக்கு வேற இடம் கிடைக்கலையா? என் அடுப்படிதான் கிடைச்சிச்சா? ஏழு பேரு உசுரக் கொடுத்துச் சுட்டிருக்காக, கல்யாணமே இல்லேங்கிறே!"

"நிறுத்தியிருக்கலாமே அக்கா" என்றேன் அபத்தமாக.

"எப்படி நிறுத்துறது? முப்பத்தேழுக்கும் மஞ்சள் தடவிப் பிள்ளையாருகிட்ட வச்சாச்சே!" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. கல்யாணம் இல்லை என்பதில் அவருக்கு இருந்த ஏமாற்றத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்பா பஞ்சவர்ணம் அக்காவிடம் கையை நீட்டினார். "அந்தச் சீட்டுகளைக் குடுங்க" என்றார். கம்பியில் குத்திய கற்றையாக வந்தது. காலாண்டுப் பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தேழையும் பார்த்தார்.

"எல்லாத்துலயும் இருபத்தொண்ணுன்னு இருக்கு. நீ எத்தனை அடிச்ச?"

"இருபது."

"பின்ன ஒண்ணு எப்படி வந்துச்சு?"

"ஆச்சி வீட்டு வழக்கம்ப்பா. ரெட்டைப்படை வந்தா ஒண்ணு கூட்டணும்னு நான்தான் எழுதி வச்சேன்."

"அப்ப இருபத்தொண்ணு சரியான விடை."

"ஆமா."

"விடை என்னன்னு அந்த மிசினுக்கு நீ என்ன சொல்லிக்கொடுத்த?"

மூன்று நாள் பாடுபட்டு நிறுவியது, இரண்டு மணி நேரம் வரி வரியாகக் குடைந்தது எல்லாம் அந்த இடத்தில் கண்முன்னால் ஓடியது. கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷன் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

"இருபதுன்னு" என்றேன்.

"பய சரியாத்தான் எழுதியிருக்கான். முப்பத்தேழு தடவையும் சரியா எழுதியிருக்கான். நீ தப்பான விடையை வச்சுக்கிட்டு முப்பத்தேழு தடவையும் ஃபெயில் போட்டிருக்க" என்றார் அப்பா. அவர் குரலில் எனக்கான வருத்தம் துளியும் இல்லை. முழு வருத்தமும் என் புரோகிராமுக்குத்தான்.

அதற்குள் மனம் தேறிய பஞ்சவர்ணம் அக்கா தாம்பாளத்தை நீட்டினார். "அது கிடக்கட்டும். நீங்க ஒண்ணு தின்னு பாருங்க சார். சூடா இருக்கு." அப்பா ஒன்றை எடுத்தார். வைத்துத் தின்ன எதையோ தேடினார். மேசையில் கிடந்த காகிதத்தை இழுத்து மடியில் வைத்து, அதன்மேல் தேன்குழலை வைத்து உடைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பி.எட். படிவம். என் பெயர் எழுதியிருந்த இடத்தில் எண்ணெய் இறங்கிப் பரவியது.

"அப்பா, படிவம்..."

"தெரியும்" என்றார், மென்றுகொண்டே. "விடையே தெரியாம பரீட்சை வச்சு ஒரு வகுப்பையே ஃபெயிலாக்குற ஆள வாத்தியார் வேலைக்கு அனுப்பினா அந்தப் பாவம் எனக்கு வேணாம். முப்பத்தேழு பிள்ளைக வாழ்க்கை. இங்கன்னா தேன்குழலோட போயிரும். நீ இங்கயே இரு."

நான் மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை சந்தோஷத்தில். அவமானமும் அப்படியே இருந்தது, அது வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவுக இங்கயே இருங்கிறாக. நான் இன்னும் சொல்லலையே" என்றார் ஆச்சி. எனக்கு அழுகை பாதியில் நின்றது. ஆச்சி டின்களைப் பார்த்தார், அடுப்படிப் பெண்களைப் பார்த்தார். "மூணு மாசத்துக்கு எல்லாச் சனிக்கிழமையும் அடுப்படிக்கு வந்து தேன்குழல் பிழியணும். கைவலின்னா என்னன்னு தெரியட்டும். சம்மதம்னா இரு."

சம்மதித்தேன். முதல் சனிக்கிழமையே தோள்பட்டை கழன்றுவிட்டது. நான் பிழிந்தது ஒன்றுகூட வட்டமாக வந்ததில்லை. பஞ்சவர்ணம் அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "சிவப்பு" என்று சொல்லிக் கூடையில் போடுவார்.

பிள்ளையாருக்கு முன்னால் வைத்த ஆர்டர் என்பதால், தேன்குழல் முழுவதும் அப்பாவோடு ஊருக்கு வந்தது. எங்கள் தெருவில் டின் டின்னாக இறங்குவதைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் கொடுத்தோம். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் வைத்துக் கொடுத்தோம். வாங்கினவர்கள் எல்லாரும் மென்றுகொண்டே "கல்யாணம் என்னைக்கு?" என்று கேட்டார்கள். அம்மா "கல்யாணமெல்லாம் இல்ல, கம்ப்யூட்டர் கோளாறு" என்று நூறு பேரிடம் சொன்னார். அதை ஒருத்தர்கூட நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்றுதான் ஊர் ஒரு வருடம் பேசியது.

அந்தப் பேச்செல்லாம் ஓய்ந்து, எனக்கு உண்மையாகவே கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். அன்றைக்கு நான் கத்திய அந்த ஒரு வாக்கியம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. என் தம்பி கல்லூரியில் படித்தபோது ஒரு நாள் கடிதத்தை ஒளித்து வைத்துப் படித்தான். "யாருடா?" என்று அம்மா கேட்டதற்கு, "யாரும் இல்லம்மா, தேன்குழல்தான்" என்றான். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதற்கு அதுதான் பெயர். யாராவது போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், "தேன்குழலா?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

என் மகள் ஒரு வருடமாக மாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கேட்டால் அதே பதில்தான். போன மாதம் ஒரு பையனை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். வாசலில் நெளிந்துகொண்டு நின்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் நான் விழிக்க, எண்பதைத் தாண்டிய அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலே அவனை நிதானமாகப் பார்த்தார்.

"நீதானாப்பா அந்தத் தேன்குழல்?" என்றார். "வா, உக்காரு."